வெயிலைச் சேர்க்காத எண்

"மாமா, இந்த வண்டி இவ்ளோ ஜோராப் போவுது, ஆனா எங்கியும் போவலியே, ஏன்?" என்று வெண்ணிலா என்னைக் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை.

நியாயமான கேள்விதான். திண்டிவனம் பைபாஸை ஒட்டி எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. தரையில் பள்ளம் எடுத்து இரும்பு உருளைகள் பதித்திருக்கிறேன். காரின் பின்சக்கரங்களை உருளைமேல் நிறுத்தி, நாலு பக்கமும் பட்டைகளால் இழுத்துக் கட்டிவிட்டு, முழு வேகத்தில் ஓட்டுவோம். சக்கரம் உருளையைச் சுற்றும். அது எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்பதை வைத்து வண்டியின் உண்மையான சக்தியைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும். இதை டைனோ என்பார்கள். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் சக்தி வேறு, சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி வேறு. டாஷ்போர்டு காட்டும் வேகம் வேறு, வண்டி நிஜமாகவே போகும் வேகம் வேறு. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் சோறு தண்ணி இறங்க விடாது. அதனால்தான் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள்.

குழந்தைக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "எங்கியும் போவாம கட்டிப் போட்டாத்தாம்மா அதோட பலம் தெரியும்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தேன்.

என் பெயர் சவுரிராயன். கம்ப்யூட்டருக்கு மேலே மாதா படம் மாட்டியிருக்கிறேன். வண்டியை ஏற்றும் முன் சிலுவை போட்டுக்கொள்வேன். வருகிறவர்களுக்கு மோர் கொடுப்பேன், போகும்போது முன்கண்ணாடியைத் துடைத்து அனுப்புவேன். உலகத்தைப் பெரிய காரியங்கள் தாங்கவில்லை, சின்னச் சின்ன அன்புதான் தாங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன்.

என் தொழிலில் ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். வெயில் காலத்துக் காற்று லேசானது. அதைச் சுவாசிக்கும் எஞ்சினுக்குப் பலம் குறையும். அது வண்டியின் குற்றமில்லை. அதனால் கொட்டகைக்குள் என்ன சூடு, என்ன புழுக்கம் என்பதையும் கம்ப்யூட்டரில் சேர்ப்போம். வெயில் தின்ற பலத்தை அது கணக்குப் பார்த்து வண்டிக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அப்போதுதான் மே மாதம் ஏறிய வண்டியையும் மார்கழியில் ஏறிய வண்டியையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியும்.

இரண்டு கோடைக்கு முன் வெயிலை அளக்கும் கருவியின் ஒயரை எலி கடித்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. அன்று தென்னரசு என்று ஒரு பையன் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தான். வெயில் சேராததால் அவன் வண்டிக்கு எண் குறைவாக வந்தது. கூட வந்த நண்பர்கள் சிரித்தார்கள். அவன் மோர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். சாயங்காலத்துக்குள், தன் வண்டி என்னவென்று காட்டுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டு ரோட்டில் விரட்டிப்போய், ஒரு சிறுபாலத்துச் சுவரில் மோதி இறந்தான்.

அது தவறு, குற்றமில்லை. எலி செய்தது. அவனுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். ஆனால் அன்று ஒன்றைப் புரிந்துகொண்டேன். எண் கூடுதலாக வந்தவன் டீக்கடைக்குப் போகிறான், பத்துப் பேரிடம் சொல்கிறான், வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். எண் குறைவாக வந்தவன் ரோட்டுக்குப் போகிறான். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரையும் கவனித்தேன். இது தப்பவே இல்லை. ஆகவே புது ஒயர் போட்டு, வெயிலை மறக்காமல் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பூவரசன் இந்தச் சமயத்தில்தான் வரத் தொடங்கினார். காணைப் பக்கம் கரும்பு, நெல் என்று நிலம் உள்ள குடும்பம். முப்பது வயது தாண்டியவர். இரண்டே கதவு வைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தார். வாராவாரம் விழுப்புரத்துக்கு வருவதாகவும், வந்த கையோடு என்னையும் பார்த்துவிட்டுப் போவதாகவும் சொல்வார். விழுப்புரத்தில் வேலை முடிந்தால் காணைக்குத் திரும்புவதை விட்டு, எதிர்ப்பக்கம் இத்தனை தூரம் திண்டிவனத்துக்கு எதற்கு வருகிறார் என்று எனக்குத் தோன்றும். மனைவி சங்கவியும் குழந்தை வெண்ணிலாவும் எப்போதும் கூட இருப்பார்கள்.

நான் டயரைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறவனின் குணத்தைச் சொல்பவன். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன்.

முதலில் பார்த்தது அவர் சங்கவியைப் பிடித்து நடத்தும் விதம். காரிலிருந்து அவள் இறங்கியதும் முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொள்வார். நாற்காலியில் உட்காரும்வரை விடமாட்டார். ஒரு மனைவியை எதற்கு அப்படிப் பிடிக்க வேண்டும்? அவள் முகத்தில் ரத்தமே இருக்காது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

அடுத்தது குரல். ஒரு நாள் உருளை சுற்றிக்கொண்டிருந்தபோது குழந்தை பள்ளத்துப் பக்கம் வந்தாள். "ஏய், அங்க கால வெச்சே, தோல உரிச்சிடுவேன். போடி அந்தாண்ட" என்று பூவரசன் கத்தினார். குழந்தை நடுங்கிப்போய் என் காலைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடி ரொம்ப நேரம் என் வேட்டியிலேயே இருப்பது போலிருந்தது.

மூன்றாவது ஒரு கறை. மோர் வாங்கக் கை நீட்டியபோது சங்கவியின் முழுக்கை ஜாக்கெட் மேலேறியது. மணிக்கட்டிலிருந்து உள்ளே போகும் கறுஞ்சிவப்புக் கறை, உள்ளங்கை அகலத்துக்கு.

"என்னம்மா கையில?"

"ஒண்ணுமில்லண்ணே. தண்ணி டிரம்மு இடிச்சிக்கிச்சி" என்று சட்டென்று மூடிக்கொண்டாள்.

டிரம் இடித்த காயம் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். அது உள்கையில் வராது. பூவரசன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தக் கையைப் பார்த்தேன். கறை மறையவே இல்லை. பழையது ஆறுவதற்குள் புதிது விழுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு வழி காட்டும்படி மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

வழி மே மாதத்தில், ஒரு சனிக்கிழமை மதியம் வந்தது. வழி என்றுதான் அப்போது நினைத்தேன்.

அன்று பூவரசனுடைய ஊர் நண்பர் திருமுருகனும் வந்திருந்தார். அவரிடமும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உண்டு. போன மாதம் அதை என்னிடம்தான் ஏற்றியிருந்தார், சக்கரத்தில் முந்நூற்று எழுபத்தெட்டு குதிரைச்சக்தி வந்திருந்தது. இருவரும் பட்டை கட்டிக்கொண்டிருக்கும்போது சங்கவி தண்ணீர் கேன் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"அவருக்கு நம்பரு கொஞ்சம் கம்மியாச் சொல்லிடுங்கண்ணே. திருமுருகன் வண்டிக்கு மேல வந்துட்டா இதையே கட்டிக்கினு கெடப்பாரு. கம்மின்னா வெறுத்துப்போயி வித்துடுவாரு. இந்த வண்டியில ஒரு நாளு எதுனா ஆயிடுமோன்னு பயமா இருக்குதுண்ணே."

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. மாடு வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவள். கறவை குறைந்த மாட்டின் மேல் ஆணுக்கு மனசு விட்டுப்போகும், அடுத்த சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வண்டியையும் அவள் அந்தக் கணக்கில் வைத்தாள். அது அப்படியல்ல என்று எனக்குத் தெரியும். தென்னரசு என் கண் முன்னாலேயே இருந்தான்.

"சரிம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கொட்டகைக்குள் நாற்பத்தொரு டிகிரி இருந்தது. வெயிலை அளக்கும் கருவியை அணைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் இருபத்தைந்து என்று கையால் போட்டேன். பொய்யான சக்தி எதையும் நான் எழுதவில்லை. வெயிலை மட்டும் சேர்க்கவில்லை.

முந்நூற்று அறுபத்தாறு வந்தது.

"என்னா மச்சான், அறுவத்தாறா?" என்று திருமுருகன் சிரித்தார். "இதுக்குப் பேசாம உங்க கரும்பு டிராக்டரையே சிவப்புப் பெயின்ட் அடிச்சி ஓட்டியிருக்கலாமே."

"சும்மா இரு மச்சான். அண்ணே, இன்னொரு தபா ஓட்டுங்க. எங்கியோ தப்பு இருக்குது."

ஓட்டினேன். அதே எண்தான் வந்தது.

"ரெண்டு தபாவும் மெஷினு பொய் சொல்லுமாடா? ஒத்துக்கோ."

"அப்பா, நீ தோத்துட்டியா?" என்று வெண்ணிலா கேட்டாள்.

பூவரசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பவரு கெடக்குது வுடுங்க. ஓட்டத்துல பாத்துக்கலாம். அண்ணே, அந்த ஜி.பி.எஸ். பெட்டியக் குடுங்க. டாப் ஸ்பீடு எவ்ளோன்னு காலைல எடுத்துக்கினு வர்றேன்."

முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. வண்டியின் நிஜ வேகத்தை வானத்திலிருந்து அளந்து சொல்லும். கொடுத்தேன். எப்படி ஒட்ட வேண்டும் என்று காட்டினேன். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் காற்று உதவியிருக்கலாம், அதனால் போகும் வேகம், திரும்பி வரும் வேகம் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்தான் உண்மையான வேகம் என்றும் விளக்கினேன். இது உலகம் முழுக்க உள்ள முறைதான். முன்கண்ணாடியைத் துடைத்து அனுப்பினேன். சங்கவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வண்டியை இனி விற்றுவிடுவார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பூவரசன் தனியாகக் கிளம்பியிருக்கிறார். கூட்டேரிப்பட்டிலிருந்து விழுப்புரம் நோக்கி ஒரு தடவை ஓடி, அங்கிருந்து திரும்பி வரும்போது, நடுத்தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது வண்டி. பூவரசன் அங்கேயே இறந்துபோனார், வேறு யாருக்கும் காயமில்லை. அதற்காக நன்றி சொன்னேன்.

போலீசார் என்னையும் விசாரித்தார்கள். பெட்டி உங்களுடையதா என்றார்கள். ஆமாம் என்றேன். காலையில் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாரே, என்ன பேசினார் என்றார்கள். எவ்வளவு வேகம் வந்தது என்று சொன்னார், நான் கோயில் வாசலில் நின்றிருந்தேன், பூசைக்கு மணி அடித்துவிட்டதால் வைத்துவிட்டேன் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவர் என்னிடம் சொன்னதைக் கேட்டார்களே தவிர, நான் அவரிடம் சொன்னதைக் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த சில நாளில் பூவரசனின் அண்ணன் நடராசன் ஆள் அனுப்பினார். காணைக்குப் போனேன். வீட்டு வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சங்கவி சுவர் ஓரமாக, வெண்ணிலாவை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். பிணத்தின் மேல் விழுந்து அழும்போது, 'நான்தான் கம்மியாச் சொல்லச் சொன்னேன்' என்று அவளே சொல்லியிருக்கிறாள். அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

பந்தலுக்கு வெளியே திருமுருகன் என்னைக் கண்டு எழுந்து வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"பாவம்ண்ணே சங்கவி. இப்பத்தான் ரெண்டாவது புள்ள கலஞ்சி, ஒடம்புல ரத்தமே இல்லாம கெடந்துச்சி. வாரா வாரம் விழுப்புரத்துல ஊசி. ரத்தம் ஊற இரும்புச்சத்து மருந்து ஏத்தும்போது ஊசி நவுந்து தோலுக்குள்ளயே எறங்கிடுச்சி. கையில கற பாத்திருப்பீங்களே, அது வருசக் கணக்குல போவாதாம். பூவரசன் அந்த ஆஸ்பத்திரில போட்ட சத்தத்த நீங்க கேட்டிருக்கணும். நடக்கும்போது மயக்கம் வந்துடும்னு கையப் புடிச்சது புடிச்சபடியே இருப்பான்."

"டிரம்மு இடிச்சிக்கிச்சின்னு சொன்னாங்களே" என்றேன்.

"புள்ள கலஞ்சத வெளிய சொல்ல முடியுமா? ஊசி முடிஞ்சா அது மொகம் தொங்கிப்போவும். உங்க கொட்டாய்க்கு வந்தா பாப்பா சிரிக்குது, அதப் பாத்து இதுவும் சிரிக்குதுன்னுதான் அந்தாண்ட ஓட்டிக்கினு வருவான். நம்பரு கிம்பரெல்லாம் சும்மா."

ஆனாலும் பூவரசன் குழந்தையிடம் கத்தியதை என் காதால் கேட்டிருக்கிறேன். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

நடராசன் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மரியாதையான மனிதர்.

"அண்ணே, நீங்க மாதாவக் கும்புடுறவரு. பொய் சொல்ல மாட்டீங்கன்னு என் தம்பி சொல்லிக்கினே இருப்பான். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பொம்பள உங்க கிட்ட நம்பரக் கம்மியாச் சொல்லச் சொல்லிச்சா, இல்லியா?"

"கேட்டாங்க" என்றேன்.

"எல்லாரும் கேட்டுக்கினீங்களா? கட்டுனவன ஊரு சிரிக்க வெச்சி, ரோட்டுக்குத் தொரத்தி வுட்டிருக்குது. அது அம்மா வூடு இருக்குற இரும்பை ஊருக்கே போவட்டும். என் தம்பி புள்ள எங்க வூட்லதான் வளரும். இந்தக் கையில குடுக்க மாட்டோம்."

"நான் நல்லதுக்குத்தான் மாமா கேட்டேன்" என்றாள் சங்கவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கம்மியாச் சொன்னா அவரு இப்பிடிப் போவாருன்னு எனக்குத் தெரியாதுண்ணே. உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க இல்ல? அத மட்டும் இவங்க கிட்டச் சொல்லுங்கண்ணே."

பந்தலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரியும் என்று ஒரு வார்த்தை போதும். பழி அவள் மேலிருந்து இறங்கி என் மேல் ஏறியிருக்கும், குழந்தை அவள் மடியிலேயே இருந்திருக்கும். அது எனக்கு நன்றாகவே விளங்கியது.

"அவருக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னத அவரு செஞ்சாரு" என்றார் நடராசன்.

"மாதா மேல பாரத்தப் போடும்மா" என்றேன் சங்கவியிடம். அந்த நேரத்தில் அதைவிட ஆறுதலான சொல் எனக்குத் தோன்றவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். என்னை நம்பினாள். பெண்கள் வந்து வெண்ணிலாவை மடியிலிருந்து தூக்கினார்கள். அந்த வீட்டில் நிலம் இருக்கிறது, ஆள் படை இருக்கிறது, பசுமாடு இருக்கிறது. குழந்தைக்கு அங்கே ஒரு குறையும் வராது.

பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா என்று யோசித்தேன். பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். வெயிலைச் சேர்க்காதது எதிலும் வரவில்லை. அந்தப் போன் மட்டும் 'கொலை செய்யாதே' என்ற ஐந்தாவது கட்டளையின் அருகில் வந்து நின்றது.

அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பூவரசன் பேசியபோது அவர் குரலில் முந்தின நாள் அவமானம் போன இடம் தெரியவில்லை. குழந்தை மாதிரி இருந்தது.

"அண்ணே, இருநூத்தி அறுவத்தெட்டுண்ணே. பெட்டியிலயே காட்டுது. திருமுருகன் வண்டி இருநூத்தி அம்பதையே தாண்டாது. போதும்ண்ணே. மெதுவா வூட்டுக்குப் போயிடுறேன். பாப்பா எழுந்துக்கிறதுக்குள்ள போவணும்."

அவர் நிறுத்திவிட்டார். அவரே போதும் என்றுவிட்டார். சரி தம்பி, போங்க என்று நான் சொல்லியிருந்தால் அன்று அவர் வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பார்.

எங்கள் கோயிலில் அது மாதா வணக்க மாதம். வாசல் கொடிமரத்தில் நீலக் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. இலைகூட அசையவில்லை. அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"காத்து பின்னாடி இருந்திருக்கும் தம்பி. ஒரு பக்கத்து வேகத்த யாரும் ஒத்துக்க மாட்டாங்க. திருமுருகனே சிரிப்பாரு. அதே வேகத்துல திரும்பி வந்தாத்தான் அது உங்களுது."

"அப்பிடியாண்ணே" என்றார். பிறகு, "சரிண்ணே" என்றார்.

நான் உள்ளே போய் முட்டி போட்டேன். அன்று பாட்டுகள் எல்லாம் நன்றாக இருந்தன.

காணையிலிருந்து திரும்பிய மறுநாள், வெயில் ஏறுவதற்கு முன், அந்த இடத்துக்குப் போனேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடுத்தடுப்பு வரை நடந்தேன். அரளிச் செடிகள் ஒரு பக்கமாக மடிந்து, மறுபடியும் துளிர் விடத் தொடங்கியிருந்தன. கண்ணாடித் தூள் மண்ணில் மின்னிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் எந்த வண்டியும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"தம்பி, வெயிலச் சேத்தா முந்நூத்தித் தொண்ணூறு" என்றேன். "திருமுருகனோடதுக்கு மேலதான். அந்த இருநூத்தி அறுவத்தெட்டும் உங்களுதுதான். அன்னிக்குக் காத்து இல்ல."

யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய எண்கள் இரண்டையும் குறையில்லாமல் அவரிடமே கொடுத்துவிட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவே இனி ஒரு பாக்கியும் கிடையாது. மனம் லேசாகிவிட்டது.

சங்கவிக்காக மட்டும் தினமும் ஒரு செபமாலை சொல்லி வருகிறேன், அவள் செய்ததை மாதா மன்னிக்க வேண்டும் என்று.